விழுந்த பெண்ணின் இடத்தைக் காத்து வையுங்கள்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கும், இராமநாதபுரம் கடலோரத்தில் நீர் விளையாட்டுப் பயிற்சிக்குத் திட்டம் வகுக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பிரப்பன்வலசைக் கடற்கரையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமையும் என்று அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் கரையோர ஊர்களில் ஒரு நம்பிக்கை பிறந்திருக்கிறது. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களின் பிள்ளைகள், தங்கள் அப்பன்மார் பிழைப்புக்காக ஓட்டும் பாய்மரத்தை விளையாட்டாகவும் ஓட்டலாம், அதற்குப் பயிற்சியாளரும் பதக்கமும் உண்டு என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கட்டடம் எப்படி அமைய வேண்டும், எந்த வகைப் படகு வாங்க வேண்டும் என்பவற்றைத் துறை அறிந்தவர்கள் முடிவு செய்வார்கள். கடலோரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றிவரும் நான் இந்த மடலில் கேட்பது ஒரே ஒரு விதியை மட்டுமே. பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் காயமடைந்தால், அவள் குணமாகித் திரும்பும்வரை அவளுடைய இடம் அவளுக்கே இருக்க வேண்டும். அவளுடைய சிகிச்சையும் மீள்பயிற்சியும் பயிற்சி தரும் அமைப்பின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைக்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது ஒரு பனிச்சறுக்கு வீராங்கனையின் வாழ்க்கையை. அமெரிக்காவின் லின்ட்சி வான், ஆண்டுதோறும் பல மலைகளில் நடக்கும் உலகக் கோப்பைச் சுற்றுகளில், டவுன்ஹில் என்னும் மலையிறக்கப் பந்தயத்தில் 2019இல் ஓய்வு பெறுவதற்குள் 43 முறை வென்றவர்; ஆண்களிலும் பெண்களிலும் அந்தப் பந்தயத்தில் அவர் அளவுக்கு வென்றவர் இல்லை. பனியைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு எதற்கு அந்தக் கதை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு விளையாட்டு வீராங்கனை காயம்பட்ட பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதை இத்தனை விளக்கமாகக் காட்டும் வேறொரு வாழ்க்கை எனக்குக் கிடைக்கவில்லை என்பதே என் பதில்.

டவுன்ஹில் எப்படிப்பட்ட பந்தயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான தடத்தில் புறப்படும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையே 450 மீட்டர் முதல் 800 மீட்டர் வரை உயர வேறுபாடு இருக்கும். அந்த உயரத்தை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். கால்களில் இரண்டு நீண்ட பலகைகள், கைகளில் இரண்டு கோல்கள், தலையில் ஒரு கவசம், உடம்போடு ஒட்டிய மெல்லிய உடை; இவைதான் முக்கியத் துணை. தடமும் பொலபொலவென்ற பனியாக இருக்காது, பெரும்பாலும் இறுகிக் கட்டியாகிக் கிடக்கும். வெற்றியை நொடியின் நூறில் ஒரு பங்கு தீர்மானிக்கும். பந்தயத்துக்கு முன் வீராங்கனைகள் தடத்தின் ஓரமாக மெல்ல இறங்கி, எந்த மேட்டில் உடல் காற்றில் எழும், எந்த வளைவில் வேகத்தைக் காக்கலாம் என்று ஒவ்வொரு இடத்தையும் மனத்தில் பதிய வைத்துக்கொள்வார்கள். பயிற்சி ஓட்டம் நடத்தாமல் டவுன்ஹில் பந்தயத்தை நடத்தவே கூடாது என்பது விதி. ஆபத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்ப விதிகளை எழுதிக்கொண்ட விளையாட்டு அது. இதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

லின்ட்சி வான் பிறந்தது 1984இல், மின்னசோட்டா மாநிலத்தில். பெரிய மலைகள் இல்லாத சமவெளி அது. அவர் பனிச்சறுக்குக் கற்ற பக் ஹில் என்ற குன்றின் சறுக்கு உயரம் 100 மீட்டருக்கும் குறைவு. ஆஸ்திரியாவில் பிறந்து அங்கே வந்து தங்கிய எரிக் சைலர் என்ற பயிற்சியாளர், விளக்கொளியில் மாலை நேரங்களிலும் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப இறங்க வைத்தார். கயிற்றைப் பிடித்து மேலே ஏறுவது, கொடிகளுக்கு இடையே வளைந்து இறங்குவது, மறுபடி கயிற்றைப் பிடிப்பது என்று அந்தச் சிறிய குன்றிலேயே அடித்தளம் அமைந்தது. உலகின் மிகச் செங்குத்தான தடங்களை வென்ற பெண் மலையே இல்லாத சமவெளியில் உருவானார் என்பதில் எங்களுக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது. வீட்டுக்கு அருகில் ஓர் இடம், ஆண்டுக்கணக்கில் மாறாமல் அங்கேயே இருக்கும் ஒரு நல்ல பயிற்சியாளர் என்ற இரண்டும் இருந்தால் போதும், மற்றது பின்னால் வரும். எங்களிடம் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. பயிற்சியாளரை நீங்கள்தான் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாமல் தர வேண்டும்.

பின்னர் அவர் குடும்பம் கொலராடோவின் வேல் நகருக்குக் குடிபெயர்ந்தது. 16 வயதில் உலகக் கோப்பைச் சுற்றில் அறிமுகம். 17 வயதில் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் டவுன்ஹிலையும் கொடிகளுக்கு இடையே வளைந்திறங்கும் பந்தயத்தையும் சேர்த்துக் கணக்கிடும் கூட்டுப் பந்தயத்தில் ஆறாம் இடம். 2004 டிசம்பரில் கனடாவின் லேக் லூயிஸ் மலையில் முதல் உலகக் கோப்பை வெற்றி. அதே மலையில் மட்டும் பிற்காலத்தில் அவர் 18 முறை வென்றார். 2008, 2009, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில், பருவம் முழுவதும் எல்லா வகைப் பந்தயங்களிலும் சேர்த்த புள்ளிகளுக்குத் தரப்படும் ஒட்டுமொத்த உலகக் கோப்பை அவருடையது. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார். 2015 ஜனவரியில் இத்தாலியின் கோர்டினாவில், ஆஸ்திரியாவின் ஆன்மரி மோசர்-ப்ரோல் வைத்திருந்த, எல்லா வகைப் பந்தயங்களையும் சேர்த்துப் பெண்களில் 62 உலகக் கோப்பை வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். 2019இல் ஓய்வு பெற்றபோது அவருடைய கணக்கு 82. அந்தக் கணக்கை அவருடைய நாட்டவரே ஆன மிக்கேலா ஷிஃப்ரின் 2023இல் தாண்டினார்.

இதுவரை சொன்னது பதக்கப் பட்டியல். இந்தப் பட்டியலை மட்டும் பார்த்துத்தான் நம் நாட்டில் பயிற்சித் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன என்பது என் கவலை. அதே ஆண்டுகளுக்கு இன்னொரு பட்டியல் இருக்கிறது.

2006 டுரின் ஒலிம்பிக்கின் டவுன்ஹில் பயிற்சி ஓட்டத்தில் அவர் கடுமையாக விழுந்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து அதே தடத்தில் இறங்கி எட்டாம் இடம் பெற்றார். வான்கூவர் தங்கத்துக்குச் சில நாள்களுக்கு முன் கீழ்க்காலின் முன்பக்கத்தில் பலமாக அடிபட்டு, பூட்ஸ் அணிவதே வேதனையாக இருந்த நிலையில்தான் அந்தப் பந்தயத்துக்கு வந்தார். 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வலது முழங்காலில், எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் நார்களான லிகமென்ட்கள் இரண்டு கிழிந்தன, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை உடைந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கழித்துப் பயிற்சிக்குத் திரும்பியபோது அதே முழங்காலில் மறுபடியும் அடிபட்டு, 2014 சோச்சி ஒலிம்பிக்கையே இழந்தார். 2016 பிப்ரவரியில் அண்டோராவில் விழுந்து முழங்கால் மூட்டில் எலும்பு முறிந்தது. அப்போது அவர் ஒட்டுமொத்தப் புள்ளிகளில் முன்னணியில் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் பயிற்சியின்போது வலது மேற்கை எலும்பு உடைந்து நரம்பும் பாதிக்கப்பட்டது. விரல்களை அசைக்கவே மீண்டும் பழக வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் ஜெர்மனியின் கார்மிஷ் மலையில் அவர் மீண்டும் வென்றார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 33 வயதில் டவுன்ஹில் வெண்கலம். 2019 பிப்ரவரியில் ஸ்வீடனின் ஓரே நகரில், ஒரு பந்தயத்தில் விழுந்த சில நாள்களிலேயே, கடைசிப் பந்தயம் என்று அறிவித்துவிட்டு இறங்கி இன்னொரு வெண்கலம் பெற்றார்.

இந்த இரண்டாம் பட்டியலைத் துணிச்சலின் கதையாக மட்டும் படிப்பது பெருந்தவறு என்று கருதுகிறேன். துணிச்சலில் எங்கள் பெண்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். சின்னப்பாலத்திலும் பாரதிநகரிலும் இருந்து கடலுக்குள் போய்ப் பாசி எடுக்கும் அம்மாமார், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறைக்குள் கை விட்டு வாழ்நாள் முழுவதும் முங்கியிருக்கிறார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும், எந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது என்பதை அவர்கள் அறிந்திருப்பது, தடத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்யும் அந்த வீராங்கனைகளின் அறிவுக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. அவர்களுடைய மகள்கள் என் மைதானத்துக்கு வரும்போது தைரியத்தை நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருப்பதில்லை.

லின்ட்சி வானுக்கு இருந்து எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாதது, விழுந்த பிறகு கிடைத்தவை. மலையடிவாரத்தில் காத்திருந்த மீட்புக் குழு, முழங்கால் மூட்டுக்கென்றே தேர்ந்த அறுவை மருத்துவர், மாதக்கணக்கில் தினமும் உடனிருந்த பிசியோதெரபிஸ்ட், அணியில் காத்திருந்த இடம் ஆகிய நான்கும் இல்லையென்றால் அவருடைய கதை 2013இல், 28 வயதில் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் வென்றவற்றை எண்ணிப் பாருங்கள். மோசர்-ப்ரோலின் சாதனையை அவர் முறியடித்ததே முழங்கால் கிழிந்த பிறகுதான். பியோங்சாங் வெண்கலமும் ஓரே வெண்கலமும் அதன் பிறகு வந்தவையே.

இங்கே விதிமுறை எழுதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பனிச்சறுக்கில் யார் முன்னால் இறங்குகிறார், யார் பின்னால் இறங்குகிறார் என்பது மிக முக்கியம்; பின்னால் வருபவருக்குத் தடம் கிழிபட்டுப் பள்ளமாகியிருக்கும். அந்த வரிசையைப் பெரும்பாலும் முந்தைய பந்தயங்களில் பெற்ற தரப்புள்ளிகள் தீர்மானிக்கின்றன. அப்படியானால் ஓராண்டு படுக்கையில் இருந்தவர் எல்லாவற்றையும் இழந்துவிடுவாரே என்ற கேள்வி எழும். இதற்காகவே சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் காயமடைந்தோருக்கென்று தனி நிலை ஒன்றை விதிகளில் வைத்திருக்கிறது. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால் காயம்பட்டவரின் புள்ளிகள் முற்றாக அழிந்துபோகாமல் சிறிய குறைவோடு பாதுகாக்கப்படும். அவர் திரும்பி வரும்போது தொடக்கப் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் டவுன்ஹில் கோப்பையும் இதற்குத் துணை நிற்கிறது. பிப்ரவரியில் முழங்கால் கிழிந்து வீட்டுக்குப் போன லின்ட்சி வான், அதற்கு முன் அந்தப் பருவத்தில் சேர்த்த புள்ளிகளைக் கொண்டே, ஸ்லோவேனியாவின் டீனா மாஸேவை ஒரே ஒரு புள்ளியில் முந்தி அந்தக் கோப்பையைப் பெற்றார். இறுதிப் பந்தயம் வானிலையால் நடக்கவில்லை. ஒருவர் உழைத்துச் சேர்த்தது அவர் விழுந்த அன்று ரத்தாவதில்லை என்ற நியாயம் அதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பாசி எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண், என்னிடம் படித்தவள், நல்ல ஓட்டமும் தாவலும் உடையவள், வெளிமாவட்டத்தில் ஒரு தனியார் அமைப்பின் பயிற்சி விடுதிக்குத் தேர்வானாள். இரண்டாம் ஆண்டில் தாண்டிக் குதித்து இறங்கும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டது. முதலில் வீக்கம் என்றார்கள். பிறகு ஊரில் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோதுதான் லிகமென்ட் கிழிந்திருப்பது தெரிந்தது. அதற்குள் அந்த ஆண்டின் தேர்வு முடிந்து, அவள் கட்டிலில் வேறொரு பிள்ளை இருந்தாள். எவரும் அவளைக் கடிந்து பேசி அனுப்பவில்லை. இடம் இல்லை என்றார்கள், அவ்வளவுதான். இப்போது அவள் நண்டு கம்பெனியில் வேலை செய்கிறாள். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுடைய தங்கையை எந்த முகாமுக்கும் அனுப்ப அவள் தாய் சம்மதிக்கவில்லை. அந்தத் தாயிடம் பேசிப் பார்த்தேன். “டீச்சர், கால் போனா பாசிக்கும் போக முடியாது, புருஷன் வீட்டுக்கும் போக முடியாது, நீங்க என்ன சொல்றீங்க” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் ஒரு விதி இருந்தால் எனக்கு ஒரு பதில் இருக்கும்.

முழங்காலின் ஏ.சி.எல். என்னும் முக்கிய லிகமென்ட் கிழிவது, ஒரே வகை விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. அறுவைக்குப் பின் முழுமையாக விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை ஆளெடுத்து ஆண்டுக்கு ஒருமுறை கழிக்கும் முறையில், அந்தக் காயம் ஒருமுறை வந்த பெண் தானாகவே வெளியே போய்விடுகிறாள். எவரும் தீங்கு நினைக்காமலேயே, கணக்கு அப்படி விழுகிறது. பாய்மரத்திலும், பெரிய பட்டத்தின் இழுவையில் பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங்கிலும் தோள், முதுகு, முழங்கால் ஆகியவற்றின் மேல் விழும் சுமை சிறிதன்று என்பதால் இந்தக் கணக்கை அகாடமி தொடங்கும்போதே மாற்றி எழுத வேண்டும்.

காயம்பட்டவருக்கு இடத்தை வைத்திருந்தால் காத்திருக்கும் மற்றொரு பிள்ளைக்கு அநீதி ஆகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது. இடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போதே காயம்பட்டோருக்கென்று சில இடங்களைத் தனியே ஒதுக்கிவிட்டால், ஒருவரை வைத்திருக்க இன்னொருவரை வெளியே நிறுத்த வேண்டிய நிலை வராது. விடுதியில் தங்க முடியாதவள் வீட்டில் இருந்தபடியே வாரத்தில் சில நாள் பிசியோதெரபிஸ்டிடம் வரலாம். பேருந்துச் செலவு கொடுத்தால் போதும். பெயர் பதிவேட்டில் இருப்பதுதான் முக்கியம். பதிவேட்டில் பெயர் இருக்கிற பெண்ணை வீட்டில் அவசரப்பட்டுத் திருமணம் பேசுவதும் குறையும் என்பதை இந்தக் கரையில் வேலை செய்கிற எந்த ஆசிரியையும் உங்களுக்குச் சொல்வார்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். லின்ட்சி வான் அடிபட்ட உடம்போடு இறங்கினார் என்பதைக் காட்டி எங்கள் பிள்ளைகளை வலியோடு விளையாடச் சொல்லும் பயிற்சியாளர் எங்கள் கரைக்கு வேண்டாம். அவர் வளர்ந்த பெண். தன் மருத்துவரோடு பேசித் தானே முடிவெடுத்தார். அந்த முடிவுகளுக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. 2024இல் வலது முழங்காலின் ஒரு பகுதியை அகற்றி டைட்டேனியத்தில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார். அதன் பின் மறுபடி பந்தயத்துக்கு வந்து 2025 மார்ச்சில், 40 வயதில், அமெரிக்காவின் சன் வேலியில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றதை உலகம் வியந்தது. நானும் வியந்தேன். ஆனாலும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை முன்மாதிரியாக வைக்க மாட்டேன். காயம்பட்ட பிள்ளை எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் எழுத்தில் சொல்ல வேண்டும். போட்டி நாள் நெருங்குகிறது என்பதற்காகப் பயிற்சியாளர் அதை மாற்றக் கூடாது. இதுவும் விதியாக வேண்டும்.

மனத்தின் காயமும் இதில் சேரும். உலகக் கோப்பைகளை வென்றுகொண்டிருந்த காலத்திலேயே தாம் மனச்சோர்வு நோயோடு வாழ்ந்து வந்ததை 2012இல் லின்ட்சி வான் வெளிப்படையாகச் சொன்னார். வீட்டை விட்டு விடுதிக்கு வரும் எங்கள் பிள்ளைகள் அதைச் சொல்லவும் அறியமாட்டார்கள். அவர்களோடு பேசத் தெரிந்த ஒரு பெண் ஆலோசகர், தமிழில், இந்தக் கரையின் பேச்சில் பேசுபவர், வாரம் ஒருமுறையாவது வர வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது: தேர்வாகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சேரும் நாளிலேயே மருத்துவக் காப்பீடு எடுக்கப்பட வேண்டும், காயம் ஏற்பட்ட சில நாள்களுக்குள் ஸ்கேன் எடுக்கும் ஏற்பாடு அரசு மருத்துவமனையோடு எழுத்து மூலம் செய்துகொள்ளப்பட வேண்டும், நிரந்தரமான பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பணியிடம், பயிற்சியாளர் பணியிடத்துக்கு இணையாக முதல் ஆண்டிலேயே நிரப்பப்பட வேண்டும், காயம்பட்டவரின் இடம் குறைந்தது பதினெட்டு மாதங்களுக்குக் காக்கப்பட வேண்டும், அந்தக் காலத்தில் அவளுடைய உணவுப்படியும் பள்ளிப் படிப்பும் தடைப்படக் கூடாது. பாய்மரத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் சென்னையின் நேத்ரா குமணன். அடுத்தவர் எங்கள் கரையிலிருந்து வருவார் என்று நான் நம்புகிறேன். அவரும் ஒருநாள் விழுவார் என்பதையும் அறிந்தே இதை எழுதுகிறேன்.

இந்த விதிகள் எழுதப்பட்டால், அடுத்த தேர்வு முகாமுக்கு முன்பாகவே அவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கடலோரப் பள்ளிகள் அனைத்துக்கும், மீனவர் சங்கங்களுக்கும், பாசி எடுக்கும் பெண்களின் குழுக்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். எங்கள் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் அந்தத் தாளைப் படித்துக்காட்டும் வேலையை நானும் என் உடன் பணியாற்றும் ஆசிரியைகளும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.